மாடியில் இருமியவர்

பிப்ரவரி 9

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நீயும் உன் வீட்டுக்காரியும் வாண்டுவும் சுகம்தானே? வாண்டுக்கு முன்பல் விழுந்ததாக எழுதியிருந்தாய். முளைத்துவிட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது.

விடுதியில் ஆள் நடமாட்டமே இல்லை. போன மாதம் ஒரு புதுமண ஜோடி வந்தது. இங்கே சுரங்க வேலையாட்கள் எப்படித் தங்கினார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு கட்டிலுக்கு மூன்று பேர், முறை வைத்துத் தூங்குவார்கள், ஒருவர் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து படுப்பார் என்று சொன்னேன். அவள் முகம் சுளித்து அந்த மெத்தையைத் தட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். சுரங்கத்தை மூடியபோது இந்தக் கட்டடத்தை வாங்கியிருக்க வேண்டாம் என்று முதலாளி இப்போதெல்லாம் என் காதுபடவே சொல்கிறார். இந்த வருஷமும் இப்படியே போனால் விற்றுவிடுவாராம்.

உன்னிடம் பழைய கம்பளிச் சட்டை இருந்தால் அனுப்பு. பெரிய அளவாக இருக்கட்டும். காலுறையும் இருந்தால் நல்லது. இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

வாண்டுக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 24

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. உன் பல் மாதிரியே என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். கோபித்துக்கொள்ளாதே.

கம்பளிச் சட்டையும் காலுறையும் பார்சலில் வருகின்றன. ஆனால் அந்தச் சட்டைக்குள் உன்னைப் போல் இரண்டு பேர் போகலாம். யாருக்கு அது? இன்னொன்று. மாடியில் பலகையெல்லாம் உளுத்துப்போய்ப் பூட்டிக் கிடக்கிறது என்றுதானே சொன்னாய்? பிறகு எதற்கு ஏறி இறங்கி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறாய்?

விடுதிக்கு ஒரு வழி தோன்றுகிறது. எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். மீசை என்றுதான் கூப்பிடுவோம். பகலெல்லாம் கூட்டல் கழித்தல், லீவு நாளில் பேய் பிடிக்கிற வேலை. பேய் அவரைப் பிடிப்பதில்லை, இவர்தான் அதைப் பிடிக்கப் போகிறார். டேப் ரெக்கார்டர், டார்ச், வெப்பமானி எல்லாம் வைத்துக்கொண்டு பழைய கட்டடங்களில் ராத்திரி தங்குவார்கள், இரண்டு மூன்று பேராக. உங்கள் விடுதியைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவர்கள் வந்துபோனால் இன்னும் நாலு பேர் வருவார்கள். முதலாளியின் வாயும் அடைபடும். என்ன சொல்கிறாய்?

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நலம். பார்சல் வந்தது. கம்பளிச் சட்டை ரொம்ப வசதியாக இருக்கிறது. குளிருக்குப் பெரிதாகப் போட்டால்தான் எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பேய் சமாசாரம் வேண்டாம். இங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பலகை உளுத்துப்போன கட்டடத்தில் ராத்திரியில் யாராவது காலை விட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்கித் திரும்பி வராத ஆட்கள் எத்தனை பேர் இந்தக் கட்டில்களில் படுத்திருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மீசைக்காரருக்கு நல்லவிதமாகச் சொல்லிவிடு.

வாண்டு படம் வரைந்தால் ஒன்று அனுப்பச் சொல். கூடத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

சுகம்தானே? உன் கடிதம் வருவதற்குள் காரியம் கை மீறிவிட்டது. மீசை நேராக உன் முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். நம்பர் கொடுத்தது நான்தான். முதலாளிக்கு ஒரே சந்தோஷமாம். அடுத்த மாத முதல் சனிக்கிழமை வருகிறார்கள். உன்னை யாரும் கேட்காதது தப்புதான்.

ஒரே ஒரு ராத்திரி. சூப் வைத்துக் கொடுத்துவிட்டு நீ போய்ப் படுத்துக்கொள். விடுதி விற்றுப்போனால் நீ எங்கே போவாய் என்பதுதான் எனக்குக் கவலை. எங்களோடு வந்து இரு என்று எத்தனை தடவை கூப்பிட்டாயிற்று. விடுதியை விட்டு வர முடியாது என்கிறாய். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாய்.

வாண்டு வரைந்த படம் உள்ளே இருக்கிறது. பச்சையாக இருப்பது நீ.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

படத்தைக் கூடத்தில் ஒட்டிவிட்டேன். நான் இவ்வளவு பச்சையா என்று தெரியவில்லை.

உன் ஆட்கள் வந்துபோனார்கள். மூன்று பேர். உன் மீசை, ஒரு மருந்துக்கடை அம்மா, கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றாத ஒருவர். மோசமான மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். மீசை வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்க தம்பியும் நானும் ஒரே ஆபீஸ்தான். உங்கள மாதிரியே ஜாடை. அவரும் இப்படித்தான், ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ள ஒம்பது தடவை யோசிப்பாரு" என்று கட்டடமே அதிரச் சொன்னார். மெதுவாகப் பேசுங்கள் என்றேன். "ஏம்மா, தூங்குறாங்களா?" என்று கண்ணடித்தார்.

சூப் குடித்துவிட்டு விளக்கையெல்லாம் அணைத்தார்கள். மாடிப்படியின் மேல் படியில், பூட்டிய கதவுக்கு முன்னால், ரெக்கார்டரை வைத்துவிட்டுக் கீழே கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். மேலே ஒன்றும் கிடையாது, கீழேயே வையுங்கள் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மருந்துக்கடை அம்மாதான் கேள்வி கேட்டார். குரல் நல்ல குரல். நோயாளியிடம் பேசுவது போல, "இங்க யாராச்சும் இருக்கீங்களா? உங்களுக்கு என்ன செய்யுது? யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு, மறுபடி கேட்டார்.

நடுவில் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கேமராக்காரர் மீசையின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கை நழுவி, சமையலறையில் அலமாரிப் பாத்திரம் மொத்தமும் கீழே விழுந்தது. அதற்கப்புறம் என்ன சத்தம், யார் சத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. காற்றுதான். பழைய கட்டடம், குழாயெல்லாம் இருமும்.

விடியும்போது ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இனிமேல் யாரையும் அனுப்பாதே.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மீசை அந்த டேப்பை அலுவலக கேண்டீனுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதலில் அந்த அம்மாவின் குரல். பிறகு இருமல். பாத்திரம் உருள்கிற சத்தம். அதெல்லாம் ஓய்ந்த பிறகு, மிக மெதுவாக, கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல ஒரு ஆண் குரல். மீசை டேப்பைப் பின்னால் ஓட்டி ஓட்டிப் போட்டார். "அவுன்சு... நல்லாருக்கானா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "செத்தும் ஆசை போகல, ஒரு அவுன்சு ஊத்திட்டுப் போங்கய்யா" என்றார் ஒருவர். "அவுன்சு நல்லாருக்கானு சரக்கப் பத்தி விசாரிக்குது" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு கை கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

என்னை அவுன்சு என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான். குறைமாதத்தில் பிறந்தபோது மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாசில் போட்டு மூடிவிடலாம் போல இருந்தேன் என்று அவர் வைத்த பெயர். அம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அம்மாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்த அன்று, இனிமேல் அந்த மனுஷன் பேச்சை என்னிடம் எடுக்கக் கூடாது, எடுத்தால் உனக்குத் தம்பியே இல்லை என்று சொன்னேன். நீயும் இத்தனை வருஷமாக எடுக்கவில்லை. இப்போது நானே கேட்கிறேன்.

அக்கா, அப்பா செத்துவிட்டாரா? எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாயா?

தம்பி


மே 20

அக்கா,

பதில் இல்லை. விடுதிக்குப் போன் செய்தேன், முதலாளி எடுத்தார். நீ வெளியே போயிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் குரல் சரியில்லை.

உனக்கு ஒன்றுமில்லையே? ஒரு வரி போடு.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை, அதனால்தான் தாமதம். வாண்டு எப்படி இருக்கிறாள்?

அப்பா சாகவில்லை. மாடியில் இருந்தார்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் வந்தார். கையில் ஒரு பை. நம்மை விட்டு யாரோடு போனாரோ, அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். சுரங்கத் தூசி நெஞ்சு முழுக்க அடைத்துக்கொண்டு, வாசல் படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "ஒரு கட்டில் கிடைக்குமாம்மா?" என்றார். வழிப்போக்கர் யாரோ என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. எங்களை விட்டுவிட்டு எதற்குப் போனாய், அம்மா படுக்கையில் கிடந்து ஆள் அனுப்பியும் எதற்கு வரவில்லை என்று நின்ற இடத்திலேயே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அப்புறமும் கேட்டிருக்கிறேன். கடைசிவரை அதற்குப் பதில் வரவில்லை. அவர் நல்லவர் என்று உன்னிடம் சொல்ல நான் இதை எழுதவில்லை.

முதலாளிக்குத் தெரியாமல் மாடியில் படுக்கை போட்டுக் கொடுத்தேன். எல்லாப் பலகையும் உளுத்துவிடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் தங்கிய அறையே அங்கேதான் இருந்தது. ஆட்கள் வருகிற நாளில் சத்தம் போடக் கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வார். கம்பளிச் சட்டை உன்னுடையது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் கழற்றவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத்தான் அடக்கிக்கொண்டிருந்தார். உன் மீசை வாசலில் நின்று உன் பேச்சை எடுத்தது மேலே கேட்டிருக்கிறது. "அவனோட வேலை பாக்குற ஆளாச்சே, அவருக்குத் தெரியும்ல. அந்தம்மாவும் திரும்பத் திரும்பக் கேட்டாங்க" என்றார் மறுநாள். நான் சத்தம் போட்டேன். இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டாயே என்றேன்.

கெட்டுத்தான் போயிற்று. மீசை முதலாளிக்கு அந்த டேப்பைப் போனிலேயே போட்டுக் காட்டியிருக்கிறார். பேய் இருக்கிற மாடியை ஆட்களுக்குத் திறந்துவிட்டால் கூட்டம் அள்ளும் என்று முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. என்னிடம் சொல்லாமல் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டை உடைத்தார். நான் ஓடுவதற்குள் கதவு திறந்துவிட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருய்யா நீ?"

"இங்க தங்குறவன்" என்றார் அப்பா.

"யார் தங்க வச்சா?"

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானேதான் சொன்னேன், "எங்கப்பா."

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "பலகை இடிஞ்சு விழுந்தா ஜெயிலுக்குப் போறது நான்தாம்மா. சாயங்காலத்துக்குள்ள இறக்கிடு" என்றார். அவருடைய வேனிலேயே இறக்கினோம். வழியெல்லாம் மழைச்சாரல். மலையடிவாரத்து நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே போன பிறகு காய்ச்சல் வந்தது. மேலே இருந்தவரைக்கும் இவ்வளவு மோசமில்லை.

நீ கேட்டதால் எழுதினேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அக்கா


ஜூலை 8

தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? உன்னிடமிருந்து பதில் இல்லை. போன கடிதம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நேற்று சாய்ந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு சண்டை போட்டார், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று. அவரும் பழைய சுரங்கத் தொழிலாளிதான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதால் சண்டை நின்றது.

வார்டு நான்கு. பார்க்கிற நேரம் மதியம்.

அக்கா


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

அப்பா போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை. உன் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தேன், நீ லீவில் இருப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி ஆட்களும் பக்கத்துக் கட்டில்காரரின் மகனும்தான் கூட வந்தார்கள். எல்லாம் சரியாகச் செய்து முடித்தேன்.

கடைசி நாட்களில் ரொம்பக் கஷ்டப்படவில்லை. புத்திதான் கொஞ்சம் தடுமாறியது. சாவதற்கு முந்தின வாரம், நான் பிளாஸ்க் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, "சின்னவன் வந்தான்" என்றார்.

"எங்க வந்தான்ப்பா?"

"அந்தா, கதவுகிட்ட. தலையெல்லாம் நரைச்சுப் போச்சும்மா. கண்ணாடி போட்டிருக்கான். உள்ள வரச் சொல்லு."

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. "நம்ம சின்னவன் கண்ணாடி போடுறதில்லப்பா. அது டாக்டரா இருக்கும்" என்றேன். காய்ச்சலில் இப்படியெல்லாம் தோன்றும் என்று நர்சும் சொன்னாள்.

உன்னை நினைத்துக்கொண்டே போனார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக எழுதினேன். குத்திக்காட்ட அல்ல.

வாண்டுவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளுக்கு எதற்கு.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். 

கண்ணாடி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதையெல்லாம் போய் எழுதுவானேன் என்று உனக்கு எழுதவில்லை.

ஜூன் மாதக் கடிதத்துக்கு எத்தனையோ பதில் எழுதிக் கிழித்தேன். கோபமாக எழுதினால் நோயாளியிடம் போய் அம்மாவுக்கு நியாயம் கேட்பது மாதிரி இருந்தது, இறங்கி எழுதினால் அம்மாவுக்குத் துரோகம் மாதிரி இருந்தது. கடைசியில் வீட்டில் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உனக்கும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பிவர முடியாது என்று பயம்.

வார்டு நான்கின் கதவு வரைக்கும் வந்தேன். நீ நடையின் கோடியில் குழாயடியில் பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாய். உன் முதுகைப் பார்த்தேன். எவ்வளவு மெலிந்துவிட்டாய் என்று நினைத்தேன். உள்ளே பார்த்தால் என் கம்பளிச் சட்டைக்குள் ஒரு சின்ன மனிதர். நம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவரா இது என்று இருந்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதையே சாக்காக வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். நீ குழாயை மூடுகிற சத்தம் கேட்டபோது நான் படி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் லீவு போட்டது, மறுபடி வரலாம் என்றுதான். இரண்டு நாள் துணி எடுத்து வைத்து, பெட்டியை வாசல் வரைக்கும் கொண்டுவந்து, வைத்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் அவர் போயிருக்கிறார்.

டேப்பை மீசையிடம் கேட்டு வாங்கிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். எங்கப்பா குரல் என்றேன். மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நம்பர் கொடுத்தது நான்.

அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை அக்கா. நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரு வார்த்தை. அதற்கு உள்ளே நாலு அடி நடந்திருந்தாலே போதும்.

தம்பி


அக்டோபர் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் நாள் உன்மேல் வந்த கோபத்தில் மாடிக்குப் போய் அப்பா படுத்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அங்கே வார்னிஷ் வாசம். முதலாளி பலகை மாற்றிவிட்டார், ஆட்களும் வருகிறார்கள். என்னால் இனி இங்கே இருக்க முடியாது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கோபம் தீர்ந்த பிறகு என் பங்கு ஞாபகம் வந்தது. அது டாக்டராக இருக்கும் என்று நான் சொன்னதும் அவர், "அப்படியா" என்றார். அவ்வளவுதான். என்னிடம் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் இன்னும் இரண்டு அடி நடந்து, படியில் எட்டிப் பார்த்திருக்கலாம்.

மனசு கேட்காமல் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டில்காரர் இன்னும் இருக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். அன்றைக்கு வந்தது நிஜமாகவே என் தம்பிதான் என்று அவரிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதான் எங்க எல்லாருக்கும் தெரியுமேம்மா. உங்கப்பா வார்டு பூராவும் சொன்னாரே, எம்புள்ள வந்தான், தலை நரைச்சாலும் நல்லாத்தான் இருக்கான்னு. உங்ககிட்டதான் சொல்றதில்ல. பொண்ணு நம்ப மாட்டேங்குது, வருத்தப்படுதுன்னாரு."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீ வருவதாக இருந்தால் வா. எழுதிவிட்டு வந்தாலும் சரி, எழுதாமல் வந்தாலும் சரி. வாசலில் நிற்காதே.

வாண்டுக்கு என் அன்பு.

அக்கா